ரெண்டு போட்டா சரியாயிடும்

இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை என்று கவலைப்படுகிறவர்கள் நம் ஊர்க் கல்யாண மண்டபங்களுக்கு வந்ததில்லை போலிருக்கிறது. வந்து பார்க்கட்டும். ஏழு வயதுப் பையன் ஒருவன் பந்தியில் உட்கார மாட்டேன் என்று முரண்டு பிடித்து, பாயசக் கப்பைத் தட்டிவிட்டு, தடுக்க வந்த சித்தப்பாவின் கையைக் கடித்துவிட்டு, மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளட்டும். ரசம் வருவதற்குள் ஆறு நிபுணர்கள் கூடிவிடுவார்கள். டோக்கன் வேண்டாம், ஃபீஸ் வேண்டாம், பையனின் முகத்தைப் பார்க்கக்கூட வேண்டாம். இலையிலிருந்து தலையைத் தூக்காமலே நோயைச் சொல்லிவிடுவார்கள்.

"செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கா" என்பார் பெரிய அத்தை. "எல்லாம் இந்தப் பாழாப்போன போன்தான்" என்பார், போனில் பந்தியைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும் மாமா. "ஸ்வீட்டு அதிகமாத் தின்னா இப்படித்தான்" என்று ஜாங்கிரியைப் பிட்டுக்கொண்டே ஒருவர். "அவ பொறந்த வீட்டுல ஒரு மாமன் இப்படி இருந்தானாமே" என்று இன்னொருவர், குரலைத் தாழ்த்தி, ஆனால் நாலு இலைக்குக் கேட்கும்படி. கடைசியில் தலைமை மருத்துவர் தீர்ப்புச் சொல்வார். அவர் வீட்டுக்கு வீடு இருக்கிறார். ஓய்வு பெற்றவர், வெற்றிலை போடுகிறவர். "எங்க காலத்துல ஏது இதெல்லாம்? ரெண்டு போட்டா சரியாயிடும்."

இத்தனை கன்சல்டேஷனும் நடந்துகொண்டிருக்கும்போது பையனின் அம்மா, பட்டுப்புடவையில் சாம்பார் ஒட்ட, மேசைக்கு அருகே தரையில் உட்கார்ந்து கையை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கொதித்துக்கொண்டிருக்கும்போது பேசினால் இன்னும் கொதிப்பான், அடங்கிய பிறகுதான் பேச வேண்டும் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த மண்டபத்தில் வைத்தியம் என்று சொல்லத்தக்க ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருப்பவள் அவள்தான். தண்டனையும் அவளுக்குத்தான்.

எங்கள் காலத்தில் ஏது என்கிறார்களே, அந்தக் காலத்திலும் இருந்தது. 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் மருத்துவர்களின் அமைப்பு ஒன்றில் நின்று இந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசினார்: புத்தி இருக்கிறது, ஆனால் அடங்க முடியவில்லை, பொறுக்க முடியவில்லை, கோபம் வந்தால் தாங்க முடியவில்லை. ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை என்று அவரும் கொஞ்சம் உபதேச வாடையோடுதான் பெயர் வைத்தார். ஆனாலும் நல்ல வளர்ப்பில் இருக்கும் பிள்ளைகளிடமும் இது இருக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். நூற்றிருபது வருடம் கழித்தும் நம் பெரிய அத்தை அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

நம் ஊரிலும் அந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். அஞ்சாம் கிளாஸில் நின்றுபோனார்கள். லாரியில் கிளீனராகப் போனார்கள். ஒரு நாள் ராத்திரி வாத்தியாரின் பிரம்புக்கும் அப்பாவின் பெல்ட்டுக்கும் பயந்து ரயிலேறிப் போனவர்கள் இருக்கிறார்கள், கிணற்றில் விழுந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நோய்ப் பெயர் இல்லை. "உருப்படாதவன்" என்ற குடும்பப் பெயர் மட்டும் இருந்தது. ரெண்டு போட்டு அவர்களெல்லாம் சரியாகிவிட்டார்கள் என்று சொல்கிறவர், சரியானவர்கள் மட்டும் சாப்பிட வந்திருக்கும் மண்டபத்தில் உட்கார்ந்துதான் கணக்கெடுக்கிறார்.

சர்க்கரைச் சங்கதிக்கு ஒரே வரி போதும். இனிப்புக்கும் பிள்ளைகளின் ஆட்டத்துக்கும் தொடர்பு தெரியவில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 1995-லேயே சொல்லிவிட்டார்கள். ஜாங்கிரி நிரபராதி.

ஏடிஎச்டி என்று டாக்டர்கள் சொல்வது, கவனம் நிற்காத, பலருக்கு உடம்பும் நிற்காத நிலை. அதை அவர்கள் பந்தியில் வைத்து முடிவு செய்வதில்லை. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறி இருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீட்டில் மட்டும் அல்லது பள்ளியில் மட்டும் என்றில்லாமல் இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். கூடவே எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிற கோளாறு இருக்கலாம், பயம் இருக்கலாம். கடிக்கிற பிள்ளைகளில் பலர் உள்ளுக்குள் நடுங்குகிறவர்கள். இதில் மரபுக்குப் பெரிய பங்கு உண்டு. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் ஏறக்குறைய முக்கால் பங்கு என்கின்றன.

இதை டாக்டர் சொன்ன மாத்திரத்தில் அம்மாவின் பிறந்த வீட்டு மாமனைத் தேடிப் பிடிக்கிற குடும்பம், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவைத் திரும்பியும் பார்ப்பதில்லை. "நானும் சின்ன வயசுல இப்படித்தான் சார் இருந்தேன். இப்ப நல்லா இல்லையா?" என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்கிறார் அவர். மேனேஜரோடு சண்டை போட்டு மூன்று கம்பெனியை விட்டு வந்தவர். கரண்ட் பில்லைக் கெடு தேதிக்குள் கட்டிய சரித்திரம் இல்லாதவர். டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே காலை ஆட்டிக்கொண்டு இரண்டு முறை போனை எடுத்துப் பார்த்துவிட்டவர். மனைவி மெல்லத் திரும்பி அவரைப் பார்க்கிறாள். ஒன்றும் சொல்வதில்லை. டாக்டரும் சொல்வதில்லை. வெளியே இன்னும் பதினெட்டு டோக்கன் காத்திருக்கிறது.

அம்மாவைக் கூண்டில் ஏற்றுவது நம் கண்டுபிடிப்பு மட்டும் என்று பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்காவில், படித்த மேதைகளே செய்தார்கள். சிகாகோவில் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளி ஒன்றை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம், ஆட்டிசத்துக்குக் காரணம் பாசமில்லாத அம்மாக்கள் என்று 1967-இல் தடித்த புத்தகம் எழுதிப் புகழ் பெற்றார். ஃபிரிட்ஜ் மாதிரி ஜில்லென்று இருக்கிற அம்மாக்களாம். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கருத்து வெறும் புளுகு என்று அதற்கு மூன்று வருடம் முன்பே, 1964-இல், பெர்னார்ட் ரிம்லேண்ட் என்பவர் ஆதாரங்களை அடுக்கி ஒரு புத்தகம் எழுதிவிட்டார். அவர் உளவியல் படித்தவர். ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. ஒரு அப்பா உட்கார்ந்து படித்து, எழுதி, மனைவி மேல் விழுந்த பழியைத் துடைத்தார். அப்படியும் அப்பாக்கள் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். பெட்டல்ஹைம் 1990-இல் இறந்த பிறகு, அவர் எங்களை அடித்தார் என்று அந்தப் பள்ளியில் வளர்ந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து சொன்னார்கள். அம்மாக்களுக்குப் பாசம் போதாது என்று எழுதிய கை அது.

அங்கே அம்மாவுக்குப் பாசம் குறைவு. இங்கே அம்மாவுக்குப் பாசம் அதிகம், செல்லம். வேலைக்குப் போனால் "பிள்ளையைக் கவனிக்க நேரமில்ல". வீட்டில் இருந்தால் "எந்நேரமும் மடியிலயே வச்சுக்கிட்டிருக்கா". அடித்தால் ராட்சசி, அடிக்காவிட்டால் பயந்தாங்கொள்ளி. அளவு எப்படி மாறினாலும் குற்றவாளி மாறுவதில்லை. இவ்வளவு உறுதியான சட்டம் இந்த நாட்டில் வேறு எதற்கும் கிடையாது.

டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்பே குடும்பம் ஒரு சீட்டு எழுதிவிடும். அது அவளுடைய ராஜினாமாக் கடிதம். "பிள்ளையவிட வேலையா பெருசு?" என்பார் மாமனார். யாரும் இந்தக் கேள்வியை அப்பாவிடம் கேட்பதில்லை. சம்பளம் அவளுக்கு அதிகமாக இருந்தாலும் கேட்பதில்லை. அவள் பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த மறுவாரம், தெரபிக்கு மாதம் இவ்வளவு ஆகிறதே என்று கணக்குப் பார்க்கிறவரும் அதே மாமனார்தான்.

இப்போது பள்ளிக்கு வருவோம். வரச் சொல்லித்தான் போன் வந்திருக்கிறது, வழக்கம்போலப் பதினோரு மணிக்கு.

பிரின்சிபால் அறையில் கண்ணாடி அலமாரி நிறைய ஷீல்டுகள். சுவரில் அன்னை தெரசா. "உங்க நல்லதுக்குத்தான் மேடம் சொல்றோம். மத்த பேரண்ட்ஸ் கம்ப்ளெயின்ட் பண்றாங்க. நம்ம ஸ்கூல் செட்டப்புக்கு அவன் ஒத்துவர மாட்டான்." அப்பா தயங்கித் தயங்கிக் கேட்கிறார்: டிசியில் நீங்கள் அனுப்புவதாகப் போடுவீர்களா? பிரின்சிபால் பதறுகிறார். "சேச்சே, நாங்க எப்படி சார் அனுப்புவோம்? நீங்களே ஒரு லெட்டர் குடுத்துடுங்க. குடும்பச் சூழ்நிலை காரணமாகன்னு." வெள்ளைத்தாள் தயாராக இருக்கிறது. பேனாவும் அவர்களே கொடுக்கிறார்கள்.

அந்தப் பதற்றத்துக்குக் காரணம் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிக்கக் கூடாது, மனத்தைத் துன்புறுத்தக் கூடாது என்கிறது. சட்டத்தை மீற நம் பள்ளிகளுக்கு மனம் வராது. ஆகவே நீக்கப்படுகிறவனின் அப்பாவே கெஞ்சிக் கேட்டு நீக்கிக்கொள்கிறார். நாட்டில் எத்தனை பிள்ளைகள் இப்படிக் "குடும்பச் சூழ்நிலை"யால் பள்ளி மாறினார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் தெரியாது. அத்தனையும் பெற்றோர் கையெழுத்து.

நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேருக்குமேல் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் மூன்று பேர். அந்த மூன்று பேரையும் ஒன்பதாம் வகுப்புக்குள் கழித்துவிட்டால் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. ஜூன் மாதம் மெயின் ரோட்டில் ஃபிளெக்ஸ் வைக்கலாம். கழிக்கப்பட்டவர்களின் போட்டோவையும் ஒரு ஓரத்தில் போட்டால் கணக்கு நேர்மையாக இருக்கும்.

கழிக்கப்படும்வரை உள்ளே என்ன வைத்தியம் நடக்கிறது என்று பாருங்கள். உட்கார முடியாத பையனுக்குத் தண்டனை, பி.டி. பீரியடில் வகுப்பிலேயே உட்கார்ந்து இம்போசிஷன் எழுதுவது. வாரத்தில் அவனுக்கு ஓடக் கிடைத்ததே இரண்டு பீரியட். அதில் ஒன்றைக் கணக்கு மிஸ் ஏற்கெனவே வாங்கிக்கொண்டுவிட்டார். மிச்சமிருந்த ஒன்றும் போயிற்று. அடுத்த பீரியடில் அவன் பெஞ்சிலிருந்து குதித்தால் "பாருங்க, திருந்தவே மாட்டேங்கறான்" என்று டயரியில் சிவப்பு மை.

அதே வகுப்பின் கடைசி பெஞ்சில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் அதே கோளாறுதான். ஓடவில்லை, கடிக்கவில்லை, கவனம் மட்டும் எங்கோ போய்விடுகிறது. அவளைப் பற்றிப் போன் வருவதில்லை. "அடக்கமான பொண்ணு, ஆனா கொஞ்சம் மந்தம்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். பெண் பிள்ளை அடக்கமாக இருந்தால் போதாதா, அறிவு எதற்கு?

இது அத்தனையும் ஃபீஸ் கட்டுகிற வீட்டுக் கதை. சென்னை ஓஎம்ஆர் அடுக்குமாடியில் நாற்காலியைத் தூக்கி எறிகிறவனுக்கு "ஹைப்பர்" என்று பேர்; வாரம் இரண்டு நாள் தெரபி, ஒரு செஷனுக்கு ஆயிரம் ரூபாய் கேட்கிற இடங்கள் உண்டு. முன்பு குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பில் அதே வயதில் அதே நாற்காலியை எறிகிறவனுக்குப் பேர் "ரவுடி". அவனைப் பார்க்க முதலில் வருகிறவர் மருத்துவரில்லை, போலீஸ்காரர். அவனுக்கு உறைவிடச் சிகிச்சையும் உண்டு, கூர்நோக்கு இல்லத்தில். கூர்ந்து நோக்குகிறார்கள் என்று அந்தப் பேர் வைத்தவரை நான் ஒரு நாள் சந்திக்க வேண்டும்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஆள் ஒருவர் இருக்கிறார்: கேரண்டி கொடுக்கிறவர். கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்க வைக்கிறேன், மிட்பிரெய்னைத் திறந்துவிடுகிறேன் என்று ஊர் ஊராக ஹோட்டல் ஹாலில் பட்டறை நடத்தியவர்கள் ஞாபகமிருக்கும். லேகியம், யந்திரம், தாயத்து. திருநீற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. அது பக்கவிளைவில்லாதது, எந்தக் கோயிலும் அந்தப் பையனுக்கு டிசி கொடுத்ததில்லை. ஆனால் டாக்டர் மூன்று வயதில் சொன்னதை எட்டு வயது வரை மறைத்துவைத்துவிட்டு, அந்த ஐந்து வருடத்தையும் இந்த ஆட்களிடம் கொண்டுபோய்க் கொட்டுகிற பெற்றோரின் மேல் கோபம் வருகிறது. அவர்களைப் பயமுறுத்தி அப்படி ஓட வைத்த சுற்றத்தின் மேல் அதைவிட அதிகமாக வருகிறது.

மாத்திரை கதையைக் கேளுங்கள். ஏடிஎச்டிக்கு மெதில்பெனிடேட் என்ற மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் மனமருந்துப் பட்டியலில் இருப்பதால் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. சீட்டைக் காட்டினால் கடைக்காரர் மேலும் கீழும் பார்ப்பார். எப்படியோ வாங்கி வந்த அட்டையை அம்மா பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் கடலைப்பருப்புக்கு அடியில் வைக்கிறாள். மாமியார் கேட்டால் வைட்டமின். நாத்தனார் வந்தால் அன்று டோஸ் கிடையாது. அதே வீட்டுச் சாப்பாட்டு மேசை நடுவில், ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த தாத்தாவின் மாத்திரைப் பெட்டி, குத்துவிளக்கு மாதிரி பளிச்சென்று நிற்கிறது. சுகருக்கு இது, பிரஷருக்கு இது, கொழுப்புக்கு இது என்று விருந்தாளிக்கு விளக்கமும் உண்டு. பேரனுக்கு மாத்திரை என்றால் மட்டும் "சின்னப் பிள்ளைக்குப் போயி மருந்தா? மூளையைக் கெடுத்துடும்" என்று பதறுவார், இன்சுலின் ஊசியை எடுத்துக்கொண்டே. சுவிட்சர்லாந்தில் 1944-இல் மெதில்பெனிடேட்டைச் செய்த வேதியியலாளர், தன் மனைவி ரீட்டாவின் பேரை வைத்துத்தான் ரிட்டாலின் என்று அழைத்தார். அவர் மனைவி பேரை மருந்துக்கு வைத்தார்; இங்கே மனைவி மருந்தைப் பருப்புக்குள் ஒளிக்கிறாள்.

அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஎச்டி என்ற பெயர் அதில் தனியாக இல்லை. சான்றிதழ் கேட்டுப் போன அம்மாவிடம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்கிறார்: "பையன் நல்லாத்தானே ஓடுறான்?" ஓடுவதுதான் சார் வியாதி. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் உடல் நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்றது. பெரும்பாலான பாலிசிகள் கட்டிலில் படுத்தால்தான் காசு தரும். படுக்கவே முடியாத பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் யாருக்குத் தோன்றும்?

இதற்கெல்லாம் நடுவில் ஆறுதல் சொல்ல வருகிறவர்களைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. "இந்த மாதிரிக் குழந்தையைப் பாத்துக்க உன்னாலதான் முடியும்னு கடவுள் உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கார்மா." அப்படியா? அந்தக் கடவுள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து இரண்டு மணி நேரம் பையனைப் பார்த்துக்கொள்ளட்டும், அவள் தூங்கட்டும். கடவுளுக்கு வேலை அதிகம் என்றால் நீங்கள் வரலாமே, அதே தெருவில்தானே இருக்கிறீர்கள்?

ஏற்றுக்கொள்ளுதல் என்பதை நம் சினிமா ஒரு பாட்டில் முடித்துவிடும். மழையில் அப்பா பிள்ளையைக் கட்டிப்பிடிப்பார். நிஜத்தில் அது மகா அலுப்பான வேலை. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாத்திரைக்கு முன்னால் பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் சிகிச்சை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு சொல்கிறது. உடனே அத்தை கைதட்டுவார்: "பாத்தியா, தப்பு பெத்தவங்க மேலதான்!" இல்லை அத்தை. கால் உடைந்தவனுக்கு நடை பழக்கப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அவரா காலை உடைத்தார்?

அந்தப் பயிற்சியில் இருப்பவை கேட்கக்கூட அற்பமாகத் தோன்றும். "குளிச்சிட்டு யூனிஃபார்ம் போட்டு பேகை எடுத்துட்டு ஷூவ மாட்டு" என்று ஒரே மூச்சில் சொல்லக் கூடாது. பக்கத்தில் போய், கண்ணைப் பார்த்து, "ஷூவ எடு" என்று மட்டும் சொல்ல வேண்டும். எடுத்தால் அந்த நிமிடமே "எடுத்துட்டியே" என்று சொல்ல வேண்டும். பிறகுதான் "போடு". தினமும் பத்து நிமிடம் அவன் சொல்கிற விளையாட்டை அவன் சொல்கிறபடி விளையாட வேண்டும், பாடம் எடுக்காமல். சில்லறைச் சேட்டைகளைக் கண்டும் காணாமல் விட வேண்டும். கத்தாமல் மறுக்க வேண்டும், மறுத்தால் நிற்க வேண்டும். ஒரு நாள் செய்து பாருங்கள். ரெண்டு போடுவது எவ்வளவு சுலபமான, சோம்பேறித்தனமான காரியம் என்று அப்போதுதான் புரியும். இதை அவள் வருடக்கணக்கில் தினமும் செய்கிறாள், பல்லைக் கடித்துக்கொண்டு, நடுநடுவே குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்து. அவள் செய்ததைப் பாட்டி ஒரு மிட்டாயைக் கொடுத்து மூன்று நொடியில் கலைத்துப் போடுகிறார்.

அப்பாக்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இரவானாலும் இலவசமாகத் தமிழில் பேசலாம்; அந்த நம்பரையும் அவள்தான் போட வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இந்த வாரம் தெரபிக்கு நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள். ஆபீசில் லீவு கேட்கும்போது சொந்த வேலை, குடும்பச் சூழ்நிலை என்றெல்லாம் எழுத வேண்டாம். மகனுக்கு மனநலச் சிகிச்சை என்றே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.